விழாவும் வீதியும்: தென்னாசியக் கலைவிழாக்களின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

1

1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நியூயோர்க் நகரின் நவீனக் கலை நூதனசாலையில் ஒரு சந்தை அமைக்கப்பட்டது. இந்திய நெசவுகளையும் அணிகலன்களையும் காட்டுவதற்கென ஒழுங்கு செய்யப்பட்ட அக்கண்காட்சியை வடிவமைத்தவர் அலெக்சாந்தர் ஜிரார்ட். கற்பனையான இந்தியக் கடைவீதி ஒன்றன் தோற்றத்தை அதற்கு அவர் கொடுத்தார். நீண்டதொரு நீர்த்தடாகத்தின் மேலே சேலைகள் தொங்கின. தடாகம் அவற்றின் வண்ணங்களைப் பிரதிபலித்தது. சந்தைக்குரிய தோற்றம் யாவும் அங்கு இருந்தது. விற்பவனும் வாங்குபவனுமே இல்லை. அச்சேலைகளை நெய்தவன் என்ன கூலி பெற்றான், யாரிடம் நூலைக் கடனாகப் பெற்றான் என்னும் வினாக்கள் அத்தடாகத்திற் பிரதிபலிக்கவில்லை.

கண்காட்சியோடு அது நிற்கவில்லை. சரோட் இசைக் கலைஞரான அலி அக்பர் கானின் கச்சேரி அதன் தொடர்பில் நடைபெற்றது. அவரைச் சபைக்கு அறிமுகஞ் செய்தவர் வயலின் மேதை யெஹூதி மெனுஹின். சாந்தா ராவ் நடனமாடினார். மே மாதம் 3ஆந் திகதி, கல்கத்தாவிலே அதுவரை எந்தத் திரையரங்கும் காட்டியிராத ஒரு வங்காளத் திரைப்படம், துணையெழுத்துகள்கூட இல்லாமல், அந்நூதனசாலையில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யே அது. நெசவு, இசை, நடனம், திரைப்படம் ஆகிய நான்கையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்த இந்நிகழ்ச்சியை, மேனாட்டு நகரங்களிற் பின்னர் பெருகிய தென்னாசியக் கலைவிழாக்களின் முன்மாதிரி எனக் கொள்ளலாம். இவ்விழாக்களை அவற்றின் நிகழ்ச்சிப் பட்டியல்களைக் கொண்டு புகழ்வதும், ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி என ஒரே சொல்லில் ஒதுக்குவதும் எம்மிடையே நெடுநாளாக நிலவி வரும் இரு வழக்கங்கள். இரண்டும் எளியவை. கலைஞன் தன் கலையால் வாழ்தல் என்னும் பிரச்சினையை இவ்விழாக்கள் எவ்வாறு எதிர்கொண்டன, அல்லது எவ்வாறு எதிர்கொள்ளாது விட்டன என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

அதே ஆண்டில், அதே நூதனசாலையில், 'மனிதக் குடும்பம்' என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கண்காட்சியொன்றும் நடைபெற்றது என்பது கவனிக்கற்பாலது. பிறப்பு, காதல், உழைப்பு, இறப்பு எனும் நிலைகள் மனிதர் யாவர்க்கும் பொதுவானவை என்பது அதன் செய்தி. அக்கண்காட்சி பாரிசுக்குச் சென்றபோது அதனை விமர்சித்த ரோலண்ட் பார்த், மனிதர் பிறக்கின்றனர், இறக்கின்றனர் என்பதை மட்டும் கூறி, எவ்வாறு பிறக்கின்றனர், எதனால் இறக்கின்றனர் என்பதை மறைக்கும்போது வரலாறு இயற்கையாக உருமாற்றப்படுகிறது எனச் சுட்டிக் காட்டினார். இக்கருத்தை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

2

நூதனசாலையின் சபையினர் 'பதேர் பாஞ்சாலி'யைக் கண்டு நெகிழ்ந்தனர் என்றே அறிகிறோம். அந்நெகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மொழி புரியாத சபையொன்றை இரண்டு மணி நேரம் கட்டிப்போடுவது எக்கலைக்கும் பெருமையே. ஆயினும், திரையில் நிகழ்ந்ததற்கும் அத்திரையைச் சூழ்ந்திருந்த கண்காட்சிக்கும் இடையே இருந்த முரணை எண்ணிப் பார்த்தோர் அச்சபையிற் சிலரேனும் இருந்தனரா என்பது ஐயத்துக்குரியது.

ஹரிஹரன் எனும் அந்த ஏழைப் பிராமணன் புரோகிதன் மட்டுமல்லன், எழுத்தாளன். நாடகங்களும் கவிதைகளும் எழுதி என்றோ ஒருநாள் பெயர்பெறுவோம் என நம்புகிறவன். அக்கிராமத்தில் நாடகம் இல்லாமலில்லை. யாத்திரைக் கூத்துக் குழுவொன்று வந்து இரவிலே விளக்கொளியில் ஆடுகிறது. சிறுவன் அப்பு விழி விரியப் பார்த்திருக்கிறான். மறுநாள் தமக்கை துர்க்காவின் விளையாட்டுப் பெட்டியிலிருந்த மினுக்குத் தாளைத் திருடி, முடி செய்து தலையிலே சூடி, மீசை வரைந்து தானே அரசனாகிறான். அதனால் இருவருக்கும் சண்டை மூள்கிறது. கூத்து ஒரு சமூகத்தின் வாழ்வோடு எவ்வாறு கலந்திருந்தது என்பதனை இதைவிடச் சிக்கனமாக எந்த நாட்டாரியல் நூலும் விளக்கியதில்லை. கூத்து நிகழ்கிறது, அது விளையாட்டாகிறது, விளையாட்டு வீட்டுச் சண்டையாகிறது. காண்பதும் செய்வதும் அங்கே ஒன்றையொன்று விட்டு விலகவில்லை.

ஆனால் நாடகம் எழுத விரும்பும் ஹரிஹரனுக்கு அக்கிராமத்திற் பிழைப்பு இல்லை. அவன் வேலை செய்யும் இடத்திலே மாதக்கணக்கிற் சம்பளம் நிலுவையாக நிற்கிறது. அதைக் கேட்பதற்கும் அவன் துணிகிறானில்லை. மனைவி சர்வஜயாவின் முகத்திற் படிந்திருக்கும் இறுக்கம் முழுவதும் இந்நிலுவையின் கணக்குத்தான். ஈற்றில் அவன் வேலை தேடி ஊரை விட்டுப் போகிறான். அவன் இல்லாத காலத்தில் மழையில் நனைந்த துர்க்கா காய்ச்சல் கண்டு இறக்கிறாள். எதுவும் அறியாது திரும்பி வருபவன், கொண்டு வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். அவற்றுள் ஒன்று துர்க்காவுக்கென வாங்கிய சேலை. அதனைக் கையில் வாங்கும்போதுதான் சர்வஜயா கதறுகிறாள்.

நூதனசாலையிலே தடாகத்தின் மேல் அழகுக்கு அழகாகச் சேலைகள் தொங்கிக்கொண்டிருக்கையில், திரையிலே உடுப்பதற்கு ஆளில்லாத சேலையொன்றைத் தாய் பற்களாற் கடித்துக்கொண்டு அழுதாள். இரண்டும் இந்திய நெசவே. ஒன்றிற் பொருளைச் செய்தவரும் உடுப்பவரும் நீக்கப்பட்டுள்ளனர். மற்றதில் அப்பொருள் ஒரு குடும்பத்தின் கடன், பிரிவு, மரணம் யாவற்றையும் சுமந்து நிற்கிறது. கலைப்படைப்பு தன்னை அழைத்த விழாவையே மறுத்துரைக்க வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நாம் அறியோம்.

படத்தின் ஆக்க வரலாறும் இவ்வகையில் நோக்கத்தக்கது. பணமின்றி இடைநடுவில் நின்ற அப்படத்தை முடிக்க மேற்கு வங்க அரசு பணம் வழங்கியது. வீதியின் பாட்டு என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட படத்துக்கு வீதி அபிவிருத்திக் கணக்கிலிருந்து பணம் கொடுக்கப்பட்டது என்பது இன்று பலரும் நகைச்சுவையாகச் சொல்லும் செய்தி. முதலமைச்சர் பி. சி. ராய், குடும்பம் ஊரைவிட்டு வெளியேறும் முடிவை மாற்றிச் சமூக அபிவிருத்தித் திட்டத்தோடு இணைக்கலாகாதா என வினவினார் என்பதும் பதிவாகியுள்ளது. கலையை ஆதரிக்கும் அரசு, கலைஞன் வாழ வழியின்றிப் புறப்படும் காட்சியைக் காண விரும்புவதில்லை. கிழவி இந்திராக வாழ்ந்து காட்டிய சுனிபாலா தேவி முன்னாள் மேடை நடிகை. நெடுங்காலம் தொழிலின்றி மறக்கப்பட்டிருந்தவர். அவரைத் தேடிக் கண்டுபிடித்து நாளொன்றுக்கு 20 ரூபாய் கூலிக்கு அமர்த்தினர். படத்துக்குள்ளே ஹரிஹரனும், படத்துக்கு வெளியே சுனிபாலாவும் ஒரே கேள்வியின் இரு வடிவங்கள்.

3

நியூயோர்க் கண்காட்சியையொட்டி சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியினர் எடுத்த குறும்படத்திற்கு விளக்கவுரை கூறியவர் புபுல் ஜயகர். கைத்தறி, கைப்பணித் துறைகளில் நெடுங்காலம் உழைத்த அவரே, 30 ஆண்டுகளின் பின்னர் இந்திய அரசு வெளிநாடுகளில் நடத்திய 'இந்திய விழா'க்களுக்குத் தலைமை தாங்கினார். 1982இல் பிரித்தானியாவில் இந்திரா காந்தியும் மார்கிரட் தட்சரும் முன்னிற்க முதலாவது விழா தொடங்கியது. 1985இல் ராஜீவ் காந்தியின் வருகையோடு பிரான்சிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அது தொடர்ந்தது. 1987இல் சோவியத் ஒன்றியத்திலும் 1988இல் ஜப்பானிலும் நடைபெற்றது. காலமும் கவனத்துக்குரியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு, அந்நிய மூலதனத்தையும் தொழில்நுட்பத்தையும் நோக்கி இந்திய ஆளும் வர்க்கம் திரும்பிய ஆண்டுகள் இவை. புதிய சந்தைகளை நாடிய அரசு, முதலில் தன் பழைய சந்தையை அலங்கரித்துக் காட்டியது எனலாம்.

எம் தலைமுறையினர் இவ்விழாக்களைக் கண்டவரல்லர். கண்காட்சிப் பட்டியல்களும் அவற்றை ஒழுங்கு செய்தவர்கள் எழுதியவையுமே எமக்குக் கிடைப்பன. அவற்றுள் அதிகம் பேசப்படுவது, ராஜீவ் சேத்தி அமைத்த 'அதிதி' என்னும் கண்காட்சி. 1982இல் இலண்டனிலும் 1985இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலும் அது இடம்பெற்றது. வெறும் பொருள்களை மட்டும் வைக்காது, பொருள்களோடு வாழும் மனிதரையும் அது அழைத்து வந்தது. வாஷிங்டனுக்குச் சென்றோர் ஏறத்தாழ 40 பேர். பாவைக்கூத்தர், கழைக்கூத்தாடிகள், செப்பிடுவித்தைக்காரர், பாணர், ஓவியர் முதலியோர் நூதனசாலையின் கூடங்களிலே நாள்தோறும் ஆடினர், பாடினர், வரைந்தனர். அதே கோடையில், வெளியே தேசியப் புல்வெளியில் 'மேளா' ஒன்று எழுப்பப்பட்டது. கடைகளும் ஆற்றுகைக் களங்களும் கொண்ட அதனை 1955இன் கற்பனைக் கடைவீதியினுடைய வளர்ச்சி என்றே கூறல் வேண்டும். இம்முறை சந்தையில் மனிதரும் இருந்தனர்.

இது சிறிய மாற்றமன்று. கைவினைஞனை அவனது பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் நூதனசாலை மரபிலே, அவனை முகமும் பெயரும் உடையவனாக முன்னிறுத்தியது முன்னேற்றமே. ஆனால் 'அதிதி' எந்த ஒழுங்கிலே அமைக்கப்பட்டது? மனித வாழ்க்கை வட்டத்தின் படிநிலைகளில்: திருமணம், கருத்தரித்தல், பிறப்பு, குழந்தையின் வளர்ச்சி, மீண்டும் திருமணம். தாலாட்டு பிறப்பின் கீழும், பொம்மை குழந்தைப் பருவத்தின் கீழும் வந்தன. தாலாட்டைப் பாடியவள் யாருடைய குழந்தைக்கு அதனைப் பாடினாள்? பொம்மையைச் செய்தவனுடைய சாதி எது, அவன் ஊரின் எந்தப் பக்கத்திற் குடியிருந்தான்? வட்டத்திலே இவற்றுக்கு இடமில்லை. பார்த் கூறியது போல, இங்கும் வரலாறு இயற்கையாகிவிட்டது. கலை பருவங்களிலிருந்து தானாகவே முளைப்பது போலத் தோன்றுகிறது. குத்தகையும் கடனும் சாதியும் அதன் வேரைத் தொடவேயில்லை என்பது போலத் தோன்றுகிறது.

இக்கலைஞருட் பலர் டில்லியின் மேற்குப் பகுதியில் ஷாதிப்பூர் பேருந்துத் தரிப்பிடத்துக்கு அருகிலிருந்த குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். ராஜஸ்தானிலிருந்து வந்த பாவைக்கூத்தர் அங்கு முதலிற் குடியேறியமையால் கட்புத்லி, அதாவது மரப்பாவைக் குடியிருப்பு எனப் பெயர் பெற்றது. கழைக்கூத்தாடிகளும் செப்பிடுவித்தைக்காரரும் பின்னர் வந்து சேர்ந்தனர். சேத்தியின் முயற்சியால் 'மறக்கப்பட்ட கலைஞர்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு கூட்டுறவு அமைப்பும் அவர்களிடையே தோன்றியது. வாஷிங்டனில் நூதனசாலைக் கூடத்தில் இவர்கள் செய்தவை, டில்லித் தெருவிற் செய்யப்படும்போது என்னவாகக் கொள்ளப்பட்டன? 1959ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடைச் சட்டம் பின்னர் டில்லிக்கும் விரிவாக்கப்பட்டது. அச்சட்டத்திற் பிச்சையெடுத்தல் என்பதற்குத் தரப்பட்ட வரைவிலக்கணத்தில், பொதுவிடத்திற் பாடுதல், ஆடுதல், குறி சொல்லுதல், வித்தை காட்டுதல் ஆகியவற்றின் பேரால் பணம் பெறுதலும் அடங்கும். பிடியாணை இன்றியே பொலிசார் கைது செய்யலாம். தண்டனையாகக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கலாம்.

விழாவிலே நாட்டின் தூதுவன், வீதியிலே குற்றவாளி. இவ்விரண்டும் ஓர் அரசின் இரு முகங்கள் என்று சொல்லி அமைவது போதாது. இரண்டுக்கும் இடையே தர்க்கரீதியான தொடர்பு உண்டு. தெருக்கூத்தாடியின் கலை, பார்ப்போனிடமிருந்து நேரடியாகக் காசு பெறுகின்ற உறவில் உயிர்வாழ்வது. சட்டம் குற்றமாக்கியது அவ்வுறவை. விழா நீக்கியதும் அவ்வுறவையே. விழாவிலே காசு நீட்டப்படுவதில்லை, அரசும் புரவலரும் செலவை ஏற்கின்றனர், பார்ப்போன் கைதட்டுகிறான். வாழ்வு நீங்கிய கலையைத் தூய கலை என்று போற்றவும், கலை நீங்கிய வாழ்வைப் பிச்சை என்று தண்டிக்கவும் முடிகிறது. ஒன்று மற்றதற்குத் துணை.

அந்நாளைய விவாதமொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1980இல் இராச்சிய சபை உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், ராயின் படங்கள் இந்தியாவின் வறுமையை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றன எனக் குற்றஞ்சாட்டினார். ஐந்தாண்டுகளின் பின்னர் அரசே ஏழைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியது. அப்போது எவரும் முறையிடவில்லை. வறுமையை ஊரிலே விட்டுவிட்டல்லவா அவர்கள் சென்றார்கள்!

விழாவை ஒழுங்கு செய்தோர் இப்பிரச்சினையை அறியாதவர்கள் அல்லர் என்பதையும் கூறுதல் வேண்டும். ஸ்மித்சோனியன் நிறுவனத்து மானிடவியலாளரான ரிச்சட் கியூரின், இரத்தல் தடைச் சட்டம் பற்றியும் அக்கலைஞரின் நிலப் பிரச்சினை பற்றியும் எழுதியுள்ளார். வெளிநாட்டிற் பெற்ற மதிப்பைக் கொண்டு ஊரிலே அதிகாரத்துடன் பேரம் பேசலாம் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. கலைஞரும் அவ்வாறே எண்ணினர். அவர்கள் ஏமாளிகள் அல்லர். கடவுச்சீட்டும் பிரதமரோடு எடுத்த புகைப்படமும் பொலிஸ்காரனின் தடிக்கு முன்னால் ஓரளவு பயன்படத்தான் செய்யும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரே எமது விமர்சனம் தொடங்குகிறது. புகைப்படம் வைத்திருப்பவன் தப்பிக்கொள்வான். சட்டம் அப்படியே இருக்கும்.

4

முற்போக்காளராகிய எம்மவர் இவ்விடயத்தில் எப்போதும் தெளிவுடன் இருந்தனர் என்று சொல்வதற்கில்லை. வாஷிங்டன் விழாவை விமர்சித்த பேனாக்களுட் சில, மொஸ்கோ விழாவை மக்கள் நட்புறவின் திருவிழா எனப் பாராட்டின. அதே பாவைக்கூத்தன், அதே சட்டம், அதே திரும்பி வரும் விமானம். விழா நடக்கும் நாட்டின் சமூக அமைப்பு விழாவின் உள்ளமைப்பைத் தானாக மாற்றிவிடுவதில்லை. 1986இல் டில்லியில் நடைபெற்ற 'அப்னா உத்சவ்' பற்றியும் இவ்வாறே கூறலாம். அவ்வாண்டுகளில் ஏழு வலயப் பண்பாட்டு மையங்கள் நிறுவப்பட்டன. தென் வலயத்துக்குரியது தஞ்சாவூரில் அமைந்தது. தலைநகரின் பல இடங்களில் ஆயிரக்கணக்கான கிராமியக் கலைஞர் ஆடினர். விழா முடிந்ததும் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர்.

வேறொரு மரபும் எமக்கு உண்டு. 1943இல், வங்கப் பஞ்சத்தின் நடுவே, இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது. முப்பது இலட்சம் பேர் வரை மாண்ட அப்பஞ்சத்துக்கு நிதி சேர்ப்பதற்காகப் பாடகர் குழுக்கள் ஊரூராகச் சென்றன. அடுத்த ஆண்டில் 'நபான்ன' மேடையேறியது. பாடினால் அரிசி கிடைக்கும் என்பது அக்குழுக்களுக்கு உருவகமன்று. ஆயினும் அங்கும் ஒரு குறை இருந்தது. கிராமத்து வடிவங்களை எடுத்து நகரத்துக் கலைஞர் ஆடினர். வடிவத்தின் உரிமையாளர் பெரும்பாலும் மேடைக்குக் கீழேயே நின்றனர். எம் நாட்டில் 1960களிற் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொணர்ந்த வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. விடியும்வரை ஆடப்பட்ட கூத்து சில மணி நேரத்துக்குள் அடங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையானது. தமிழ் அரங்கு அதனாற் பெற்ற வளம் மறுக்கவொண்ணாதது. 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியன அதற்குச் சான்று. அண்ணாவிமார் பெற்றது என்ன என்னும் கணக்கு மட்டும் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. இதனை வேறொரு கட்டுரையிற் செய்தல் தகும்.

5

1982ஆம் ஆண்டில், பிரித்தானியாவில் இந்திய விழா நடந்துகொண்டிருந்தபோதே, எடின்பரோ நாடக விழாவின் வெளிவட்ட அரங்கில் ஹபீப் தன்வீரின் 'சரண்தாஸ் சோர்' முதற்பரிசுகளுள் ஒன்றைப் பெற்றது. சத்தீஸ்கரின் நாச்சா நடிகர்கள், தமது பேச்சுமொழியிலேயே, தமது பாட்டோடும் ஆட்டத்தோடும் ஆடிய நாடகம் அது. கோவிந்தராம் நிர்மல்கர், பிதா பாய் முதலியோர் அதில் நடித்தனர். இவர்களும் கிராமத்து ஏழைக் கலைஞரே. இவர்களும் வெளிநாட்டுச் சபையின் முன்னர் நின்றவரே. எனினும் இவர்கள் நின்ற நிலை வேறு. எங்ஙனம் வேறு என்பதை விளக்கினால் எமது வாதம் தெளிவாகும்.

தன்வீர் தொடக்கத்திலேயே சரியான வழியைக் கண்டவர் அல்லர். 1958இல் 'மண்சிறுதேர்' நாடகத்தில் அவர் நாச்சா நடிகர் சிலரைச் சேர்த்துக்கொண்டார். ஊரிலே சிங்கமாய் ஆடியவர்கள் டில்லி மேடையில் மரமாய் நின்றனர். பல ஆண்டுகளின் பின்னரே அவருக்குக் காரணம் புரிந்தது. அவர்கள்மீது இந்தி மொழியைத் திணித்திருந்தார். மேடையில் எங்கே நிற்பது, எங்கே நகர்வது என்பதைக் கோடு கிழித்துக் கற்பித்திருந்தார். எழுத்தறியாத, நாற்புறமும் சபை சூழ ஆடிப் பழகிய நடிகருக்கு அது விலங்கு. 1973இல் ராய்ப்பூரில் நடத்திய பயிற்சியரங்கிலே அவர் அவ்விலங்கைக் கழற்றினார். அவர்கள் தம்மொழியிற் பேசினர். உரையாடலைத் தாமே கட்டினர். இயக்குநர் தமது பிழையை நடிகரின் உழைப்பிலிருந்து கற்றுக்கொண்டார். நாட்டார் வடிவத்துக்குப் புரட்சிகர உள்ளடக்கத்தை ஊட்டுவது பற்றி நாம் எழுதிய பல கட்டுரைகளில் இல்லாத ஒன்று இதில் உண்டு: வடிவம் யாருடையதோ அவர்களே அதனை மாற்றுவோரும் ஆயினர்.

மேலும், அவர்கள் மாதிரிப்பொருள்களாக அழைத்துச் செல்லப்படவில்லை. நயா தியேட்டர் என்னும் தொழின்முறைக் குழுவின் நடிகராக, வேதனம் பெற்று, ஆண்டு முழுவதும் ஆடியவர்கள். ஆடிய நாடகம் சமகாலத்தது. உண்மை மட்டுமே பேசுவதாகக் குருவிடம் சத்தியஞ் செய்யும் திருடன் ஒருவன், வேடிக்கையாக வேறு சில விரதங்களையும் பூணுகிறான்: பொற்தட்டில் உண்பதில்லை, யானைமீது ஊர்வலம் போவதில்லை, அரசியை மணப்பதில்லை, அரசனாவதில்லை. எல்லாம் ஒவ்வொன்றாக அவனைத் தேடி வருகின்றன. மறுத்ததற்காகக் கொல்லப்படுகிறான். பொற்தட்டும் யானை ஊர்வலமும் அரச விழாக்களின் அணிகலன்கள் என்பதை நினைக்கையில், அவ்வாண்டின் இரு இந்தியக் காட்சிகளுள் எது மற்றதை விமர்சித்தது என்பது விளங்கும். 1975இல் சியாம் பெனகல் இக்கதையைத் திரைப்படமாக்கியபோதும் இந்நடிகர் பலரே நடித்தனர். படம் சிறுவருக்குரியதாகக் கருதப்பட்டு அதிகம் கவனிக்கப்படாது போயிற்று; நாச்சா நடிகரின் உடலசைவு அதில் பதிவாகியிருப்பதே அதன் பெருமதி.

தன்வீரை நாம் குறையற்றவராகக் காட்ட விரும்பவில்லை. அவரும் அரசின் நியமனத்தால் இராச்சிய சபையில் இருந்தவர். அரச மானியத்தைப் பெற்றவர். அவர் 2009இல் மறைந்த பின்னர், ஒருவரைச் சுற்றியே அமைந்த குழு எவ்வளவு நொய்தானது என்பதும் தெரிய வந்தது. ஆயினும் கலைஞர் தம் கலையால் வாழ்வது எவ்வாறு என்னும் கேள்வியை அவர் நாளாந்தம், சம்பளப் பதிவேட்டின் மொழியிலே, எதிர்கொண்டார். எமது விமர்சகர் அழகியலின் மொழியில் மட்டுமே அதனை எதிர்கொண்டனர்.

6

விழாக்களுக்குச் செல்லும் திரைப்படத்தின் மனச்சாட்சியைப் பேசிய படம் ஒன்று உண்டு. மிருணாள் சென்னின் 'அகாலேர் சந்தானே' 1980இல் எடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பெர்லின் விழாவில் வெள்ளிக்கரடிப் பரிசைப் பெற்றது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் படமாக்குவதற்காக ஒரு குழு நகரத்திலிருந்து கிராமமொன்றுக்கு வருகிறது. அவர்கள் வந்ததால் ஊர்ச் சந்தையிலே பொருள்களின் விலை ஏறுகிறது. பழைய பஞ்சத்தைத் தேடி வந்தவர்கள் புதிய தட்டுப்பாட்டைத் தோற்றுவிக்கின்றனர். பசியில் தன்னை விற்ற பெண்ணின் பாத்திரத்துக்கு ஊர்ப் பெண் ஒருத்தியைக் கேட்கும்போது கிராமம் கொதிக்கிறது, ஏனெனில் அப்பாத்திரம் அவ்வூரின் மறைக்கப்பட்ட நினைவு. குழு மூட்டை கட்டி நகரத்துப் படப்பிடிப்புக் கூடத்துக்குத் திரும்புகிறது. ஊரிலே துர்க்கா என்னும் ஏழைப் பெண் எஞ்சுகிறாள்.

கலைஞன் தன் கருவியின் முன்னுள்ள மனிதரோடு கொண்டுள்ள பொருளாதார உறவை இவ்வளவு வெளிப்படையாகப் படமாக்கிய வேறு இந்தியப் படம் அரிது. பெர்லினில் அதற்குப் பரிசு வழங்கியவர்கள், அதே கேள்வி விழாவுக்கும் பொருந்தும் என்பதை உணர்ந்தனரா? பரிசு பெற்ற சென்னுக்கே அவ்வையம் இருந்திருக்கும் என எண்ணுகிறோம். படத்தின் முடிவில் உள்ள தோல்வி, திரைக்கதையின் தோல்வி மட்டுமன்று.

7

மரப்பாவைக் குடியிருப்பின் பிற்கால வரலாற்றைச் சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. சல்மான் ருஷ்டியின் 'நள்ளிரவின் குழந்தைகள்' 1981இல், அதாவது பிரித்தானிய விழாவுக்கு முந்திய ஆண்டில், வெளிவந்து புக்கர் பரிசு பெற்றது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் டில்லிச் செப்பிடுவித்தைக்காரரின் சேரி இடித்துத் தரைமட்டமாக்கப்படுவது அந்நாவலில் முக்கிய நிகழ்ச்சி. இலண்டன் இலக்கிய வட்டம் அந்நாவலைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டில் டில்லித் தெருக்கலைஞரையே நேரிற் கண்டு கொண்டாடியது. கற்பனையிலே இடிக்கப்பட்ட சேரியையும் கண்முன்னே ஆடுபவனையும் இணைத்துப் பார்க்கும் தேவை அதற்கு ஏற்படவில்லை.

2009இல் டில்லி அபிவிருத்தி அதிகாரசபை, ஷாதிப்பூர்க் குடியிருப்பின் நிலத்தைத் தனியார் கட்டட நிறுவனமொன்றோடு கூட்டாக மீளமைக்கும் திட்டத்தை உறுதிசெய்தது. குடியிருப்பாளருக்கு 2,800 மாடிவீடுகள். நிலத்தின் எஞ்சிய பகுதியில் வசதி படைத்தோருக்கான வானளாவிய கோபுரமும் வணிக வளாகமும். கலைஞர் எதிர்த்தனர். ஒரு பகுதியினர் ஆனந்த் பர்பத்திலுள்ள தற்காலிக முகாமுக்குச் சென்றனர். மற்றவர் நகர மறுத்தனர். ஏறத்தாழ எட்டாண்டு இழுபறியின் பின்னர், 2017 ஒக்டோபர் இறுதியில், பொலிஸ் காவலுடன் இயந்திரங்கள் வந்து எஞ்சிய வீடுகளை இடித்தன. வாஷிங்டனிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஆடியவர்களும், அவர்களின் பிள்ளைகளும் அவ்வீடுகளில் வாழ்ந்தனர். 2018 ஓகஸ்டில், டில்லி உயர் நீதிமன்றம் இரத்தலைக் குற்றமாக்கிய பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தள்ளுபடி செய்தது. வீதியில் வித்தை காட்டுவது அந்நகரிற் குற்றமாக இல்லாது போனபோது, வித்தைக்காரரின் குடியிருப்பு ஏற்கெனவே இல்லாது போயிருந்தது.

இழுபறி நடந்த ஆண்டுகளிற் கலைஞர் முன்வைத்த ஆட்சேபங்களுள் ஒன்று நடைமுறை சார்ந்தது. அதிகாரசபையின் வரைபடங்களைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்டனர்: மாடிவீட்டிலே பாவைகளை எங்கே தொங்கவிடுவது? ஆளுயரத்துக்கு மேற்பட்ட பொய்க்கால்களை எந்தப் படிக்கட்டு வழியாக ஏற்றுவது? பறையை அதிகாலையில் அடித்துப் பழகினால் மேல்மாடிக்காரர் பொறுப்பரா? பிள்ளைகளுக்குக் கயிற்றின்மேல் நடக்கப் பழக்குவதற்கு முற்றம் எங்கே? அவ்வரைபடங்களில் முற்றம் குறிக்கப்பட்டிருக்கவில்லை.